காசு இன்னும் ஏறலையா? வெளிநாட்டுப் பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழிமுறை

துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் அனுப்புகிற பணம், முறையான வழியில் அனுப்பியிருந்தால், தொலைந்து போவது மிக அரிது. பணத்தை வாங்கி அனுப்பிய நிறுவனமான எக்ஸ்சேஞ்சிலோ, இடையில் இருக்கும் வங்கியிலோ, ஊர்க் கிளையிலோ ஏதோ ஒரு காரணத்துக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது தெரியாமல், வீட்டில் அவசரம் என்று இரண்டாம் முறை அனுப்புவதுதான் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவருகிறது. முதல் தொகை திரும்பும்போது அன்றைய ரேட்டில், கட்டணம் கழித்துத்தான் திரும்பும். சம்பளத்துக்கு மேல் ஒரே மாதத்தில் அனுப்பியதாகக் கணக்கு காட்டினால், பணம் எங்கிருந்து வந்தது என்று அங்கேயும் கேள்வி வரும்.

ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ரசீதை எடுங்கள். அதில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்த பரிவர்த்தனை எண் பெரிதாக அச்சாகியிருக்கும். ஊர் வங்கிக்கு அந்த எண் பயன்படாது. எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டு, இந்தியாவுக்குள் பணம் எந்த வழியில் போனது, அதன் எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள். உடனுக்குடன் ஏறும் ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்க ஆர்ஆர்என். தொகுதி தொகுதியாகச் சேர்த்து அனுப்பும் நெஃப்ட் என்றால் 16 எழுத்து யுடிஆர். பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்து யுடிஆர். நாடு விட்டு நாடு வங்கிகளுக்கிடையே போகும் ஸ்விஃப்ட் என்றால் இடைக்கோடுகளோடு 36 எழுத்து நீளும் யுஇடிஆர். இந்த ஒரு எண்ணை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பினால் போதும், மற்றதை இங்கிருந்தே பார்க்கலாம்.

“ஆப்ல போயிருச்சுன்னு காட்டுது, இங்க ஏறலையேப்பா”

பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளும் ஆப்களும் இந்தியாவில் ஒரு கூட்டாளி வங்கியை வைத்திருக்கின்றன. பணம் அந்த வங்கியிலிருந்து சாதாரண நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் ஆகத்தான் உங்கள் ஊர்க் கிளைக்கு வரும். அதனால் கவுண்டரில் போய், “துபாய்ல இருந்து பணம் வந்துச்சா?” என்று கேட்டால், “அப்படி எதுவும் வரலையே” என்ற பதில்தான் கிடைக்கும். அவர்கள் திரையில் துபாய் என்று எங்கும் இருக்காது. கேட்க வேண்டியது இப்படி: “சார், இந்த யுடிஆர் நம்பருக்கு இன்வார்ட் வந்திருக்கா, இல்ல ரிட்டர்ன் ஆயிருச்சான்னு கொஞ்சம் பாருங்க.” யுடிஆரின் முதல் நான்கு எழுத்து பொதுவாக அனுப்பிய வங்கியைக் காட்டும் என்பதால், எந்த வங்கி வழியாக வந்தது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நெஃப்ட்டில் வந்த பணத்தை, அந்தத் தொகுதி தீர்வான 2 மணி நேரத்துக்குள் ஊர் வங்கி கணக்கில் ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் திருப்ப வேண்டும். ஐஎம்பிஎஸ்ஸில் அனுப்பியவர் கணக்கில் கழிந்து இங்கே ஏறாவிட்டால் மறு வேலைநாளுக்குள் தீர வேண்டும். அதைத் தாண்டினால் ஒரு நாளைக்கு ₹100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019ல் விதித்திருக்கிறது. இது இந்தியாவுக்குள் நடக்கும் கடைசிக் கட்டத்துக்குத்தான் பொருந்தும். யுடிஆரே இன்னும் உருவாகவில்லை என்று எக்ஸ்சேஞ்ச் சொன்னால், பணம் அங்கேயேதான் இருக்கிறது. ஊர் வங்கியில் வரிசையில் நிற்பது வீண்.

ஸ்விஃப்ட்டில் அனுப்பியிருந்தால் கிழமையையும் பாருங்கள். சவூதி, கத்தார், குவைத், ஓமனில் வார விடுமுறை வெள்ளி, சனி. அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இங்கே இரண்டாம், நான்காம் சனியும் எல்லா ஞாயிறும் விடுமுறை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்நியச் செலாவணிச் சந்தை ஓடுவதில்லை. ரியாத்தில் வியாழன் மாலை அனுப்பினால், ரூபாயாக மாறி ஏற செவ்வாய் ஆவது சகஜம். பொங்கல் வாரத்தில் இன்னும் இழுக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறை வேறு கதை: அது வங்கி விடுமுறையை முடிவு செய்யும் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று ஆணையிலேயே போடுவார்கள், அன்றைக்கு வங்கி உண்டு.

அனுப்பும் பக்கத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, எமிரேட்ஸ் ஐடி, இகாமா, ஒர்க் பர்மிட் தேதி முடிந்திருக்கும். புதிய அட்டையைப் பதிவேற்றும்வரை பணம் நகராது. இன்னொன்று, பெயர்ச் சோதனை. முகமது, அப்துல்லா போல உலகம் முழுக்கப் பரவிய பெயர்கள் தடைப்பட்டியல்களில் உள்ள வேறு யாருடைய பெயரோடோ ஒத்துப்போனால் கணினி தானாக நிறுத்திவிடும். அனுப்புபவர், பெறுபவர் இருவருடைய பிறந்த தேதி, முழு முகவரி, அடையாள அட்டை நகல் மூன்றையும் அவர்கள் கேட்கும்முன்பே கொடுத்துவிட்டால் சீக்கிரம் விடுவிப்பார்கள். ரூம் நண்பருக்காக உங்கள் பெயரில் அனுப்பிய பணம் என்றால் இந்த இடத்தில் பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். அதைச் செய்யாதீர்கள்.

பணம் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது

இங்கேதான் நம் ஊர்ப் பெயர்களின் தொல்லை தொடங்குகிறது. பாஸ்புக்கில் கே. முத்துக்குமார். ஆதாரில் முத்துக்குமார் கே. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லாததால் அப்பா பெயர் விரிந்து முத்துக்குமார் கருப்பையா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம்: ஆப் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது என்பதால் சிலர் ஒரு புள்ளி வைக்கிறார்கள், சிலர் அதே பெயரை இரண்டு முறை அடிக்கிறார்கள். ஊர் வங்கியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது வேறு ஆள் மாதிரித் தெரியும். அம்மாக்கள் பெயரில் எழுத்துக்கூட்டல் சேர்ந்துகொள்ளும். அழகம்மாள் என்பதை ஒரு ஆவணத்தில் ஆங்கில ‘இசட் எச்’ போட்டும் இன்னொன்றில் ‘எல்’ போட்டும் எழுதியிருப்பார்கள்.

இதற்கு ஒரே வழிதான். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும் பெயரை, இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால், எழுத்துக்கு எழுத்து அப்படியே பெறுபவர் பெயராகப் போடுங்கள். வாயால் சொல்லி எழுதாமல் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஊருக்கு வரும்போது வங்கியில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்ற எழுதிக் கொடுங்கள். பாஸ்போர்ட், பான், ஆதார் மூன்றிலும் ஒரே வடிவம் இருந்தால் கிளையிலேயே முடிந்துவிடும்.

உள்நாட்டு நெஃப்ட்டில் ஆபத்து வேறு மாதிரி. அங்கே பணம் ஏறுவது கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான், பெயரை ஒப்பிட்டு அல்ல. ஒரு இலக்கம் மாறி அந்த எண்ணில் வேறு யாருக்கோ கணக்கு இருந்துவிட்டால், பணம் அவருக்குப் போய்விடும். அவர் சம்மதிக்காமல் வங்கி திருப்பி எடுக்காது. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் அனுப்பும்முன் கணக்கு எண்ணும் கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சியும் போட்டால் உரியவர் பெயரைக் காட்டும் வசதி வந்திருக்கிறது. ஊரில் நெட் பேங்கிங் வைத்திருக்கும் தம்பியையோ மச்சானையோ ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, புதிய கணக்குக்கு முதல் முறை சின்னத் தொகையாக அனுப்புங்கள்.

ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் சுழியம், கடைசி ஆறு கிளை. ஐந்தாவது இடத்தில் ஓ என்ற எழுத்தை அடிப்பவர்கள் நிறையப் பேர். அடுத்தது பழைய குறியீடு. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியிலும் சேர்ந்தன. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாண்டியன் கிராம வங்கி 2019ல் தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து ஆப்பில் சேமித்து வைத்த விவரம் இன்னும் அப்படியே கிடந்தால், அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

வளைகுடா ஆப்கள் ஐபேன் எனப்படும் சர்வதேச வடிவக் கணக்கு எண்ணைக் கேட்கும். இந்தியாவில் ஐபேன் கிடையாது. கணக்கு எண்ணைத்தான் போட வேண்டும். ஸ்விஃப்ட் குறியீடு வாடிப்பட்டி, பேரையூர் போன்ற சிறு கிளைகளுக்கு இருக்காது. அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக்குரிய குறியீட்டைக் கேட்டு வாங்கி, பெறும் கிளையின் பெயரையும் ஐஎஃப்எஸ்சியையும் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அம்மாவின் ஜீரோ பேலன்ஸ் கணக்கு மட்டும் பணத்தை ஏற்கவில்லையா? அது முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) இல்லாமல் திறந்த ‘சிறு கணக்கு’ ஆக இருக்கலாம். அதில் ஆண்டுக்கு ₹1 லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது, இருப்பு ₹50,000ஐத் தாண்டக்கூடாது, மாதம் ₹10,000க்கு மேல் எடுக்க முடியாது. வெளிநாட்டுப் பணம் ஏறவே அனுமதி இல்லை. ஆதாரும் பானும், பான் இல்லாவிட்டால் படிவம் 60ம் கொடுத்து முழு கேஒய்சி முடித்தால் தடை நீங்கிவிடும். முழு கேஒய்சி உள்ள ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு இந்த வரம்புகள் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு புதுக் கணக்குத் திறக்க அலைய வேண்டாம்.

சொன்னதைவிடக் குறைவாக வந்திருக்கிறது

மூன்று இடத்தில் கழியும்: ரேட்டில், இடை வங்கியில், வரியில்.

ரேட்டில் கழிவதைக் கண்டுபிடிக்க வளைகுடாக்காரர்களுக்கு எளிய கணக்கு இருக்கிறது. அமீரகத் திர்ஹாம் டாலருக்கு 3.6725 என்றும் சவூதி ரியால் 3.75 என்றும் கத்தார் ரியால் 3.64 என்றும் கட்டப்பட்டவை. அன்றைய டாலர் ரேட்டை இந்த எண்ணால் வகுத்தால் உண்மையான ரேட் வந்துவிடும். டாலர் ₹90 என்று வைத்துக்கொண்டால் திர்ஹாம் ₹24.50, சவூதி ரியால் ₹24. எக்ஸ்சேஞ்ச் உங்களுக்கு ₹24.30 கொடுத்தால் திர்ஹாமுக்கு 20 காசு அவர்கள் பங்கு. 3,000 திர்ஹாமுக்கு ₹600. ‘கட்டணம் இல்லை’ என்று எழுதிப் போட்டிருந்தாலும் இந்த ₹600 போய்விடுகிறது. ஆகவே இரண்டு இடங்களை ஒப்பிடும்போது, கட்டணத்தையும் ரேட்டையும் தனித்தனியாகப் பார்க்காமல், கையில் இருக்கும் திர்ஹாமைக் கொடுத்தால் கடைசியில் கணக்கில் ஏறும் ரூபாய் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். சிங்கப்பூர் டாலரும் மலேசிய ரிங்கிட்டும் இப்படிக் கட்டப்பட்டவை அல்ல, அவற்றுக்கு அன்றைய சந்தை ரேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்விஃப்ட்டில் அனுப்பும்போது கட்டணம் யார் பொறுப்பு என்று ஒரு கட்டம் வரும். ‘ஷா’ (SHA) என்று போட்டால் இடையில் உள்ள வங்கிகள் அனுப்பும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ‘பென்’ (BEN) போட்டால் எல்லாக் கட்டணமும் பெறுபவர் தலையில். முழுத் தொகை போய்ச்சேர வேண்டிய நேரத்தில், நகைக்கடனைத் திருப்பக் கடைசி நாள் என்பது மாதிரி, எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பாகும் ‘அவர்’ (OUR) போடுங்கள். சிறு தொகைக்கு ஸ்விஃப்ட் கட்டுப்படியாகாது.

இந்தியாவில் வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றும்போது ஜிஎஸ்டி உண்டு. ₹1 லட்சம் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக வைத்து, அதில் 18 சதவீதம். அந்த மதிப்பு ₹250க்குக் குறையாது என்பதால் வரியின் குறைந்த அளவு ₹45. ₹50,000க்கு ₹90, ₹1 லட்சத்துக்கு ₹180, ₹2 லட்சத்துக்கு ₹270. பணம் 18 சதவீதம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இதற்கு மேல் குறைந்திருந்தால் வங்கியிடம் வரவுச் சான்று கேளுங்கள். வந்த அந்நியத் தொகை, ரேட், கழித்தது எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். அந்தச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு இடம் வாங்கும்போதும் வரிக் கணக்கிலும் அது உதவும்.

ஓடிபி வரவில்லை

ஊரை விட்டுக் கிளம்பும்முன் இந்திய சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு ரோமிங்கில் பொதுவாகக் காசு இல்லை, ஆனால் சிம் உயிரோடு இருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். ₹20 இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். முடங்கிய எண் கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கி ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும் நிலை அது. எனவே வீட்டில் இருப்பவர்கள் பால் காசு கொடுப்பதுபோல் மாதாமாதம் ரீசார்ஜைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓடிபி வருகிறது, யுபிஐ மட்டும் பதிவாகவில்லை என்றால் காரணம் வேறு. யுபிஐ ஆப் முதல் முறை உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பித்தான் போனைக் கட்டிக்கொள்ளும். ரோமிங்கில் வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டு. இருப்பு இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தோற்கும். இந்திய எண்ணே வேண்டாம் என்றால், வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கில் வெளிநாட்டு எண்ணைப் பதிந்து யுபிஐ எடுக்கலாம். 2023ல் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங் என 10 நாட்டு எண்களுக்கு இந்த வசதியை அனுமதித்தார்கள். உங்கள் வங்கி அதைச் செய்துவைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெபிட் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யவில்லை என்பதும் அடிக்கடி வரும் புகார். 2020 முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறக்க வேண்டும். என்ஆர்ஓ கார்டுக்கு அந்த வழியும் இல்லை.

கணக்கு முடங்கிவிட்டது

ஏன் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்று வகை முடக்கம் இருக்கிறது, மூன்றுக்கும் மருந்து வேறு.

இரண்டு ஆண்டு நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். கேஒய்சி புதுப்பித்தால் திறப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் இதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது, செயலற்ற காலத்துக்குக் குறைந்தபட்ச இருப்பு அபராதமும் போடக்கூடாது. கேட்டால் ரிசர்வ் வங்கி விதி என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

கேஒய்சி காலாவதி ஆனதால் முடங்கினால், பாஸ்போர்ட், விசா அல்லது அந்நாட்டு அடையாள அட்டை, வெளிநாட்டு முகவரிச் சான்று மூன்றின் நகலும் வேண்டும். நீங்களே கையெழுத்திட்டு அனுப்பினால் போதாமல் திரும்பிவரும். இந்தியத் தூதரகம், அங்கே கிளை வைத்திருக்கும் இந்திய வங்கியின் அதிகாரி, நோட்டரி, நீதிபதி இவர்களில் ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். காணொளி கேஒய்சி இந்தியாவுக்குள் இருப்பவர்களுக்கானது. இருப்பிடத்தைப் பார்த்து நிறுத்திவிடும். அதனால் லீவில் வந்த முதல் வாரத்திலேயே, கல்யாண வேலை, குலசாமி கோயில் வேலை எல்லாம் தொடங்கும்முன், கிளைக்குப் போய் இதை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் ஒரு கையெழுத்துப் பொருந்தவில்லை என்றாலும் திருத்த நாள் இருக்காது.

மூன்றாவது, போலீஸ் முடக்கம். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் போகும் உண்டியலில் (ஹவாலா) அனுப்பும்போது, அல்லது ‘ரேட் அதிகம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆளிடம் கொடுக்கும்போது, அப்பா கணக்கில் பணம் யாரோ முன்பின் தெரியாதவர் பெயரிலிருந்து ஏறும். அது எங்கோ ஒரு மாநிலத்தில் ஆன்லைன் மோசடியில் ஒருவர் இழந்த பணமாக இருக்கக்கூடும். அவர் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு புகார் கொடுத்ததும், பணம் போன பாதையில் உள்ள கணக்கெல்லாம் வரிசையாக முடங்கும். உங்கள் திர்ஹாமை வாங்கிக்கொண்டவர் அதற்குள் போனை அணைத்திருப்பார். உண்டியலே அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி விதிமீறல், தொகையின் மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க இடமுண்டு. அதோடு வயதான அப்பா வேற்று மாநிலக் காவல் நிலையத்துக்குப் பதில் சொல்ல நிற்பார். 20, 30 காசு ரேட்டுக்காக அவரை இந்த நிலைக்கு ஆளாக்க வேண்டாம்.

முடங்கியேவிட்டால், வங்கியிடம் புகார் எண், உத்தரவு போட்ட காவல் நிலையம், தகராறில் உள்ள தொகை மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மதுரை சைபர் கிரைம் காவல் நிலையத்தில் யோசனை கேட்கலாம், ஆனால் முடக்கத்தை எடுக்க வேண்டியது உத்தரவு போட்ட நிலையம்தான். கணக்கு முழுவதையும் முடக்காமல் தகராறுத் தொகையை மட்டும் நிறுத்திவைக்கக் கோரி அவர்களுக்கும் வங்கிக்கும் எழுதுங்கள். முறையான ரசீது உள்ள மற்ற வரவுகளையெல்லாம் இணையுங்கள்.

சொந்தக் கணக்குக்கு அனுப்ப முடியவில்லை, அல்லது வட்டியில் பாதிபோல் பிடிக்கிறார்கள்

வேலைக்கென்று வெளிநாடு போனதும் உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும். 182 நாள் கணக்கு வருமான வரிக்கானது, இதற்கு அது பொருந்தாது. மாற்றாமல் விட்டவர்களைத்தான் ஆப் ‘சொந்தக் கணக்குக்கு அனுப்ப முடியாது’ என்று நிறுத்துகிறது. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்ஆர்இ, ஊர் வாடகைக்கும் குத்தகைக்கும் என்ஆர்ஓ என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஆர்இயில் ஊர் ரூபாயைக் கட்ட முடியாது. தம்பி நூறு ரூபாய் போட்டாலும் திரும்பும். வெளிநாட்டிலிருந்தே அனுப்பியது உள்நாட்டு நெஃப்ட் மாதிரி வந்து திரும்பினால், வெளிநாட்டுப் பணம் என்ற குறியீட்டோடு மறுபடி அனுப்ப எக்ஸ்சேஞ்சிடம் சொல்லுங்கள். குடும்பச் செலவு, சேமிப்புக்கான நோக்கக் குறியீடு பி1301.

என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், அதாவது 31.2 சதவீதம் பிடிப்பார்கள். இரட்டை வரி ஒப்பந்தத்தில் குறையும், அமீரகத்துக்கு 12.5 சதவீதம். அந்நாட்டு வரி வதிவுச் சான்று வாங்கி ஒவ்வொரு ஆண்டும் வங்கியில் கொடுக்க வேண்டும். மொத்த இந்திய வருமானம் வரி வரம்புக்குள் என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பான் செயலிழந்து பிடித்தம் கூடியிருந்தால், வருமான வரித் தளத்தில் வதிவு நிலையை வெளிநாடு வாழ் இந்தியர் என்று திருத்துங்கள். ஆதார் இணைப்பிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டு. என்ஆர்இ வைப்புத்தொகையை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது.

கணக்கு வகை மாறியதும் வீட்டுக் கடன் தவணையும் எல்ஐசி பிரீமியமும் திரும்புகிறதா? சில வங்கிகள் புது எண் கொடுத்துவிடும். பழைய எண்ணில் பதிந்த தானியங்கிப் பிடித்தம் எல்லாவற்றையும் மறுபடி பதியுங்கள்.

பணம் வந்தும் வீட்டில் எடுக்க முடியவில்லை

ஊர்க் கடையில் கைரேகை வைத்து எடுப்பதற்கு ஒரு முறைக்கு ₹10,000 வரம்பு. வயலிலும் பூக்கட்டும் வேலையிலும் ரேகை தேய்ந்த அம்மாக்களுக்கு அது பதியாமல் போவதும் உண்டு. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்து, ஏடிஎம் கார்டும் வாங்கி வையுங்கள். உங்கள் என்ஆர்இயிலிருந்தே மனைவியோ அப்பாவோ எடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் ‘மேண்டேட்’ கடிதம் போதும். அதைக் கொண்டு ஊர்ச் செலவுக்கு எடுக்கலாம், யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

அப்பா அம்மாவுக்கு மகன் அனுப்பும் பணம் எவ்வளவானாலும் அவர்களுக்கு வருமான வரி இல்லை. அதை வைப்பில் போட்டு வரும் வட்டி அவர்கள் வருமானம். மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வட்டி மட்டும் உங்கள் கணக்கில் சேரும். அந்தப் பணத்தில் வயல் வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாடு வாழ் இந்தியர் தன் பெயரில் விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீட்டுமனைக்குத் தடையில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் மனை என்று சொல்லி விற்கும் இடம் பட்டாவில் இன்னும் நஞ்சையாக இருக்கிறதா என்று அட்வான்ஸ் அனுப்பும்முன் பார்க்கச் சொல்லுங்கள்.

யாரும் பதில் சொல்லவில்லை

கிளையில் வாயால் சொன்னது புகாராகாது. வங்கியின் மின்னஞ்சலில் அல்லது தளத்தில் யுடிஆர், தேதி, தொகை மூன்றும் போட்டு எழுதிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் இணையத்திலேயே போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, உதவி எண் 14448. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் மீதான புகாரை ரிசர்வ் வங்கி எடுக்காது. அதை அந்நாட்டு மத்திய வங்கியில் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் நாணய ஆணையமும் மலேசியாவில் பேங்க் நெகாராவும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. புதிய கடையில் முதல் முறை பணம் கொடுக்கும்முன் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.